அடியளந்த பண்டிதர்

இமயமலையின் சிகரங்களைத் தொலைவில் நின்றே அளந்துவிடலாம். அம்மலைக்கு அப்பாலுள்ள ஊர்களை அவ்வாறு அளக்க இயலாது. சிகரம் வானை நோக்கி நிமிர்ந்து நிற்பதால் நூறு மைல் தொலைவிலும் கண்ணுக்குப் புலப்படும். ஊரோ பள்ளத்தாக்கில் ஒடுங்கி, மலைகளின் மறைவில் கிடக்கும்.

1802 ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோணவியல் நில அளவை, ஐம்பது ஆண்டுகளுக்குள் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. சமவெளியில் தியோடலைட்டு என்னும் கனத்த கருவியை நிறுத்தி, கோணங்களை அளந்து, சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்டனர். இன்று எவரெஸ்ட் என வழங்கும் சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856 இல் அறிவிக்கப்பட்டது. வங்காளத்தைச் சேர்ந்த இராதாநாத் சிக்தார் அக்கணக்கில் பெரும்பங்கு வகித்தவர். உலகின் மிக உயர்ந்த சிகரத்தை அடிக்கணக்கில் சொல்ல முடிந்த அதே அலுவலகத்தால், அதற்கு வடக்கே திபெத்தில் உள்ள லாசா நகரம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

திபெத்தின் எல்லைகள் அப்பொழுது அயல்நாட்டவர்க்கு அடைக்கப்பட்டிருந்தன. இசைவின்றி நுழைபவர் உயிரிழக்கவும் நேரும். பல ஆட்கள் சுமந்து செல்ல வேண்டிய தியோடலைட்டை அங்கே நிறுத்தி வைப்பது நினைக்கவும் இயலாத செயல். எனவே எவருடைய ஐயத்துக்கும் ஆளாகாமல் அந்நாட்டுக்குள் நடந்து சென்று, நடந்தபடியே அளந்து திரும்பக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார். அத்தகைய ஒருவரே நைன் சிங் ராவத்.

இவர் 1830 இல் குமாவுன் மலைநாட்டில், ஜோஹார் பள்ளத்தாக்கிலுள்ள மிலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். மிலம் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடையில் அங்கே வாழ்ந்து, பனிக்காலத்தில் தாழ்வான ஊர்களுக்கு இறங்கிவருவது அம்மக்களின் வழக்கம். கணவாய்களைக் கடந்து திபெத்துக்குத் தானியம் கொண்டுசென்று, உப்பும் கம்பளியும் கொண்டுவருவது அவர்களது வணிகம். அதனால் திபெத்திய மொழியும் அந்நாட்டுப் பழக்கவழக்கங்களும் நைன் சிங்குக்கு இளமையிலேயே பழகியிருந்தன.

1855 இல் செருமனியிலிருந்து வந்த ஷ்லாகின்ட்வைட் உடன்பிறந்தார், மலைநாட்டை ஆராயும்பொருட்டு வழித்துணை தேடினர். அவர்களோடு மானசரோவர் ஏரி வரையிலும், பின்னர் லடாக்கு வரையிலும் சென்ற நைன் சிங், திசைகாட்டி முதலிய கருவிகளைக் கையாளக் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பியபின் மிலம் பள்ளியில் ஆசிரியரானார். பண்டிதர் என்னும் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது இப்பணியினால்தான். பிற்காலத்தில் இவ்வேலைக்கு அனுப்பப்பட்ட எல்லோரையுமே பண்டிதர்கள் என்று அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

1863 இல் நில அளவைத் துறையின் அதிகாரி தாமஸ் மான்ட்கோமரி, நைன் சிங்கையும் அவருடைய உறவினர் மணி சிங்கையும் டேராடூனுக்கு வரவழைத்துப் பயிற்சி அளித்தார். மாதம் 20 ரூபாய்க்கு மிகாத ஊதியம், ஈராண்டுப் பயிற்சி. முதலில் கற்பிக்கப்பட்டது நடை. ஏற்றமாயினும் இறக்கமாயினும் மணலாயினும் பனியாயினும், ஒவ்வோர் அடியும் ஏறத்தாழ 31½ அங்குலம் இருக்க வேண்டும். அவ்வாறு 2,000 அடிகள் வைத்தால் ஒரு மைல். அடிகளை எண்ணுவதற்குப் பௌத்த யாத்திரிகர் கையில் வைத்திருக்கும் மணிமாலையே கருவியாயிற்று. வழக்கமான மாலையில் 108 மணிகள் இருக்கும்; இவர் மாலையில் 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணியாக நகர்த்தினால், மாலை ஒருமுறை சுற்றிவரும்போது ஐந்து மைல் கடந்திருக்கும். எட்டு மணிகள் குறைந்திருப்பதை வழியில் ஒருவரேனும் எண்ணிப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

கையில் சுழற்றும் பிரார்த்தனை உருளைக்குள் மந்திரச் சுருளுக்கு மாறாக அளவைக் குறிப்புகள் சுருட்டி வைக்கப்பட்டன. யாரேனும் நெருங்கி வந்தால் உருளையைச் சுழற்றிக்கொண்டு முணுமுணுக்கத் தொடங்குவார். வழிபாட்டில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பதை அந்நாட்டவர் தவிர்ப்பர். செக்ஸ்டன்ட் என்னும் கோணமளக்கும் கருவி, பெட்டியின் பொய்யான அடித்தட்டுக்குக் கீழே கிடந்தது. விண்மீன்களின் உயரத்தை அளக்கச் சமமான ஒரு பரப்பு வேண்டும். மலைகள் சூழ்ந்த நாட்டில் தொடுவானம் தெரியாது. அதற்காகச் சோழிகளுக்குள் பாதரசத்தை ஊற்றி மெழுகால் அடைத்து எடுத்துச் சென்றார். இரவில் அதனைக் கிண்ணத்தில் ஊற்றினால் அசையாத கண்ணாடிபோல் நிற்கும். விண்மீனுக்கும் அதன் நிழலுருவுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து அதில் பாதியை எடுத்துக்கொண்டால், விண்மீனின் உயரம் கிடைத்துவிடும். அதிலிருந்து அவ்விடத்தின் அட்சரேகையைக் கணக்கிடலாம்.

ஊரின் உயரத்தை அறிவதற்கு அவர் கொண்டு சென்றது ஒரு வெப்பமானியே. அது அவருடைய ஊன்றுகோலின் உட்குழிவில் மறைந்திருந்தது. கடற்கரையில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். மேலே செல்லச்செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதால், நீர் அதற்கு முன்னரே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறுவதற்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை குறைகிறது எனலாம். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள காத்மாண்டுவில் 95 பாகையைச் சற்றுக் கடந்தவுடன் நீர் கொதிக்கும். ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்திலுள்ள லாசாவில் 88 பாகையிலேயே கொதித்துவிடும். மலைநாட்டில் பருப்பு எளிதில் வேகாததன் காரணமும் இதுவே. வழிப்போக்கர் தேநீருக்காக நீரைக் கொதிக்க வைப்பதை யாரும் ஐயுறுவதில்லை. அந்நீரில் ஒரு நொடி வெப்பமானியை அமிழ்த்தி எடுக்கும் வாய்ப்பு மட்டும் அவருக்குக் கிடைத்தால் போதும். எனினும் இது எளிய வேலையன்று. பத்தில் ஒரு பாகை தவறாகக் கண்டால், உயரம் 30 மீட்டர் தவறிவிடும். விரல்கள் விறைக்கும் குளிரில், நீராவிக்கு நடுவே, அரையிருளில் அந்த நுண்ணிய கோடுகளைப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். அளவுகளைக் குறித்துக்கொள்ளக் கற்பித்தவர்கள், அவற்றிலிருந்து இடத்தின் நிலையைக் கணக்கிடும் முறையைப் பண்டிதர்களுக்குக் கற்பிக்கவில்லை. போகாத ஊருக்குப் போனதாகக் கணக்கை அவர்களே புனைந்துவிடக் கூடாது என்பது துறையின் எண்ணம். உயிரைப் பணயம் வைக்கச் சொன்னவர்கள் காட்டிய நம்பிக்கை அவ்வளவே.

1865 இல் இருவரும் காத்மாண்டு வழியாகத் திபெத்துக்குள் நுழைய முயன்றனர். கீரோங் எல்லையில் அதிகாரிகள் ஐயுற்றுத் திருப்பி அனுப்பினர். மணி சிங் முயற்சியைக் கைவிட்டுத் திரும்பினார். நைன் சிங் பொய்ச்சடை பூண்டு, லடாக்கு வணிகராக வேடமிட்டு மீண்டும் புறப்பட்டார். லாசாவுக்குச் செல்லமாட்டேன், சென்றால் தலையைக் கொடுப்பேன் என்று கீரோங் அதிகாரியிடம் வாக்குறுதி அளித்த பின்னரே அவருக்கு வழிவிடப்பட்டது. வணிகக் கூட்டங்களோடு சேர்ந்து, சாங்போ ஆற்றின் பள்ளத்தாக்கில் கிழக்கு நோக்கி நடந்தார். ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்திலுள்ள ஷிகாட்சே நகரில், உடன் வந்தவர்களோடு பஞ்சன் லாமாவை வணங்கச் செல்ல நேர்ந்தது. மனத்தில் உள்ளதை அறியும் ஆற்றல் லாமாவுக்கு உண்டு என்று கேள்விப்பட்டிருந்த அவர் அஞ்சியபடியே சென்றார். எதிரில் அமர்ந்திருந்தவர் ஒரு சிறுவர்.

1866 ஜனவரி 10 அன்று நைன் சிங் லாசாவை அடைந்தார். கையிலிருந்த பணம் கரைந்தது. நேபாள வணிகர்களுக்குக் கணக்கெழுதும் முறையைக் கற்பித்துப் பிழைத்தார். காசுமீர மரபினரான இரு முசுலிம் வணிகர் அவருடைய வேடத்தைக் கண்டுகொண்டனர். ஆயினும் காட்டிக்கொடுக்கவில்லை, கடனும் கொடுத்து உதவினர். இசைவின்றி நகருக்குள் வந்த ஒருவர் பலர் காணத் தலை துணிக்கப்பட்டதை நைன் சிங் பார்த்தார். கீரோங்கில் தம்மிடம் வாக்குறுதி பெற்ற அதிகாரியையே ஒருநாள் லாசாத் தெருவில் கண்டார். உடனே தங்குமிடத்தை மாற்றிக்கொண்டு, வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். அந்நிலையிலும் கதிரவனையும் விண்மீன்களையும் அளப்பதையும், கொதிநீரின் வெப்பத்தைக் குறிப்பதையும் நிறுத்தவில்லை. லாசாவின் இருப்பிடமும் உயரமும் முதன்முறையாக முறையான அளவையால் அறியப்பட்டது இவ்வாறே.

ஏப்ரல் 21 அன்று வணிகக் கூட்டமொன்றோடு புறப்பட்டு, ஆற்றையொட்டி மேற்கே நடந்து, ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்திலுள்ள மானசரோவர் வழியாக அக்டோபர் இறுதியில் டேராடூனை அடைந்தார். எண்ணி நடந்த தொலைவு ஏறத்தாழ 1,200 மைல். அஃதாவது ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் அடிகள். 33 இடங்களின் உயரத்துக்கான அளவுகள் அவர் குறிப்பில் இருந்தன. அதுவரை நிலப்படத்தில் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்த ஒரு நாட்டின் குறுக்கே ஊர்கள், கணவாய்கள், ஆற்றுத்துறைகள் எனப் புள்ளிகள் தொடுத்தாற்போல் அமைந்தன.

அவர் செய்தது ஒற்றர் பணி என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்நிலப்படம் முதலில் பயன்பட்டது ஆங்கில அரசுக்கே. அவரை நம்பி இடம் கொடுத்தவர்களிடம் அவர் பொய்யுரைக்கவும் நேர்ந்தது. அவருடைய பயண அறிக்கை இலண்டனில் வெளியானபோது, மீண்டும் அனுப்ப வேண்டியிருந்ததால் பெயர் மறைக்கப்பட்டு, பண்டிதர் என்று மட்டுமே அச்சாயிற்று. பொற்கடிகாரம் ஒன்று 1868 இல் பரிசாக வந்தது. அவருடைய உருவம் பொறித்த அஞ்சல்தலையை இந்திய அரசு வெளியிட்டது 2004 இல்.

1867 இல் அவரும் உடன் சென்ற இரு பண்டிதர்களும் மானா கணவாயைக் கடந்து, தோக் ஜாலுங் என்னும் தங்கச் சுரங்கப் பகுதியின் செய்திகளைக் கொண்டுவந்தனர். 16,000 அடிக்கும் மேலான அவ்வுயரத்தில் வீசும் காற்றுக்கு அஞ்சி, சுரங்கத் தொழிலாளர் தரையில் குழி தோண்டி அதற்குள் கூடாரம் அடித்து வாழ்ந்தனர்.

இறுதிப் பயணம் 1874 சூலையில் லே நகரிலிருந்து தொடங்கியது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயிலிருந்து, அதனினும் உயர்ந்த சாங்தாங் பீடபூமிக்கு ஏறினார். மரம் இல்லை, உப்பேரிகளும் புல்வெளியும் காற்றுமே உண்டு. பொதிகளை ஆடுகள் சுமந்தன. நவம்பரில் மீண்டும் லாசா. இம்முறை தம்மை அடையாளம் அறியக்கூடிய ஒருவரைக் காண நேர்ந்ததால், இரண்டே நாள் தங்கினார். அதுவரை எழுதிய குறிப்புகளை நம்பிக்கைக்குரியவர் கையில் கொடுத்து லேக்கு அனுப்பிவிட்டு, தாம் தெற்கே திரும்பினார். திசம்பர் 24 அன்று, ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திலுள்ள தவாங்கை அடைந்தபோது அங்கே தடுத்து வைக்கப்பட்டார். பிப்ரவரி நடுவில் விடுபட்டு இறங்கி, 1875 மார்ச் 1 அன்று அசாமில் பிரம்மபுத்திராச் சமவெளியிலுள்ள உதல்குரியை அடைந்தார்.

திபெத்தில் 3,500 மீட்டருக்கு மேல் ஓடும் சாங்போவும், அசாமில் கடல் மட்டத்துக்குச் சற்று மேலே பரந்தோடும் பிரம்மபுத்திராவும் ஒரே ஆறுதானா என்பது அந்நாளில் பெரிய வினாவாக இருந்தது. இரண்டின் கரைகளையும் கண்டு வந்தவர் நைன் சிங். அவை ஒன்றே என்னும் கருத்துக்கு அவர் குறிப்புகள் வலுவூட்டின. இடைப்பட்ட பள்ளத்தாக்கில் நுழைந்து மேலும் தேடும் பணி பின்வந்தவர்களுக்கு எஞ்சியது.

அப்பயணத்தோடு அவருடைய உடல் தளர்ந்தது. பனியின் ஒளியிலும் இரவின் விளக்கொளியிலும் அளவுகோடுகளை உற்றுநோக்கிய கண்களும் மங்கின. 1877 இல் இலண்டன் அரச புவியியல் கழகத்தின் தங்கப் பதக்கம் அவருடைய பெயராலேயே வழங்கப்பட்டது. இந்திய அரசு ஒரு கிராமத்தின் வருவாயை மானியமாக அளித்தது. அதன்பின் அவர் மலை ஏறவில்லை; புதியவர்களுக்கு அடியளந்து நடக்கக் கற்பித்தார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் அவருடைய உறவினரான கிஷன் சிங். பிற்பாடு திபெத்துக்கு வடக்கே சென்ற இவர், ஓரிடத்தில் கள்வருக்கு அஞ்சிக் குதிரைமேல் ஏற நேர்ந்தபோது, குதிரையின் முன்னங்கால் எத்தனை முறை தரையில் பட்டது என்பதை எண்ணிக்கொண்டே சென்றார்.