மண்ணை நம்பிய பேராசிரியர்

ஆசிரியத் தொழிலை மேற்கொண்டவனுக்கு என்றும் நீங்காத சங்கடம் ஒன்றுண்டு. தான் உண்மையெனக் கண்டதைச் சொல்லவும் வேண்டும். சம்பளம் கொடுப்போரின் மனம் கோணாமல் நடக்கவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் நாளிலே பெரும்பாலோர் மௌனத்தைத் துணைக்கொள்வர். அம்மௌனத்தை ஏற்க மறுத்து, இருமுறை பதவியிழந்து, ஈற்றில் மலைநாட்டுப் பள்ளத்தாக்கொன்றிற் குடிபுகுந்து தம் கையால் உழைத்து உண்டார் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஸ்கொட் நியரிங்.

பென்சில்வேனியா மாநிலத்தில் மொரிஸ் றண் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரிலே, 1883ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 6ஆந் திகதி நியரிங் பிறந்தார். அவருடைய பாட்டனாரே அச்சுரங்கத்தை நிருவகித்தவர். வசதி நிறைந்த வீட்டில் வளர்ந்தபோதும், சுரங்கத் தொழிலாளர் படும் பாட்டை இளமையிலேயே காணும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் சிறுவரை வேலைக்கமர்த்தும் கொடுமையை எதிர்த்துப் பேசினார்; எழுதினார். மாணவர் அவரை விரும்பினர். பல்கலைக்கழகத்தை ஆண்ட தருமகர்த்தாக்களோ தொழிலதிபர்களையும் செல்வர்களையும் கொண்ட குழுவினர். 1915ஆம் ஆண்டு கோடையிலே, காரணம் எதுவும் கூறாமல் அவர்கள் அவரை விலக்கினர். அவ்வாண்டிலே தோன்றியிருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் இவ்விடயத்தை ஆராய முற்பட்டது. ஆயினும் போன பதவி திரும்பவில்லை.

ஒகையோ மாநிலத்து டொலிடோப் பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கும் நிலைத்திருக்க முடியவில்லை. முதலாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917ஆம் ஆண்டிலே, போரை எதிர்த்த குற்றத்துக்காக அப்பதவியும் பறிபோயிற்று. போரினால் இலாபம் அடைவோர் யாவர் என்று வினவி அவர் எழுதிய சிறு பிரசுரம் ஒன்றுக்காக அரசு வழக்குத் தொடுத்தது. 1919இல் நடந்த விசாரணையில் எழுதியவர் குற்றமற்றவர் என்றும், அதை வெளியிட்ட சங்கம் குற்றவாளி என்றும் யூரிமார் தீர்ப்பளித்தனர்! சங்கத்துக்கு 3000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது.

அதன்பின் எந்தப் பல்கலைக்கழகமும் அவரை நிலையான பதவிக்கு அழைக்கவில்லை. அவர் 1927இற் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். ஏகாதிபத்தியம் பற்றிய தமது நூலைக் கட்சியின் இசைவின்றி வெளியிட்டமையால் 1930இல் அதனின்றும் விலக்கப்பட்டார். முதலாளிகளும் அவரை விரும்பவில்லை. முதலாளித்துவத்தை எதிர்த்தோரும் அவரைப் பொறுக்கவில்லை. முதல் மனைவியாகிய நெல்லி சீட்சும் அவரும் முன்னரே பிரிந்து வாழத் தொடங்கியிருந்தனர். ஐம்பது வயதை அணுகிய அந்நாளிற் பட்டமும் புலமையும் தவிர வேறு கைம்முதல் அவரிடம் அதிகம் இருக்கவில்லை.

இந்நிலையில் அவருக்குத் துணையாக வாய்த்தவர் ஹெலன் நோத். 1904இற் பிறந்த இவர் வயலின் இசை பயின்றவர். பிரமஞான சங்கத்தைச் சார்ந்த குடும்பத்துப் பெண். அடையாற்றில் வளர்ந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் இளமைக்காலத் தோழி. உலகப் பொருளாதார மந்தத்தினால் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து நின்ற 1932ஆம் ஆண்டிலே இருவரும் நியூயோர்க் நகரைவிட்டுப் புறப்பட்டனர். வெர்மொண்ட் மாநிலத்துப் பச்சை மலைத்தொடரில், ஸ்ராற்றன் மலையடிவாரத்திலே பாழடைந்த பண்ணை ஒன்றை வாங்கினர். கையிற் கொடுத்தது 300 டொலர். ஏற்றுக்கொண்ட ஈட்டுக்கடன் 800 டொலர்.

அந்நிலம் வளமானதன்று. கல் மிகுந்தது; உறைபனி இல்லாத நாட்கள் ஆண்டில் ஏறக்குறைய மூன்று மாதமே. பயிர் செய்வோர் பலர் கைவிட்டுச் சென்ற பகுதி அது. நியரிங் தம்பதியர் அக்கல்லையே செல்வமாக்கினர். போகும் வழியிற் கண்ட நல்ல கற்களையெல்லாம் பொறுக்கி, மூலைக்கல், சுவர்க்கல், தளக்கல் என வகைப்படுத்திக் குவித்து வைத்தனர். பின் பலகை அடைப்புக்குள் அவற்றை அடுக்கிச் சீமெந்துக் கலவை ஊற்றிச் சுவர் எழுப்பினர். ஏர்னஸ்ட் பிளாக் என்னும் கட்டிடக் கலைஞர் வகுத்த முறை அது. கைதேர்ந்த கொத்தனின்றியும் வீடு கட்டலாம். இலைதழைகளை மக்கவைத்துக் கூட்டெரு ஆக்கினர். செயற்கைப் பசளை இட்டாரல்லர். புலால் உண்ணாதவர்களாதலால் ஆடுமாடு, கோழி எதனையும் வளர்க்கவில்லை. குளிர்காலத்துக்கு வேண்டிய கிழங்கும் காய்கறியும் நிலவறையிற் சேமிக்கப்பட்டன.

உப்புக்கும் எண்ணெய்க்கும் வரிக்கும் காசு வேண்டுமே! அதற்கு மேப்பிள் மரங்கள் உதவின. பனிக்காலம் கழியும் வேளையில் அம்மரங்களிலே துளையிட்டுச் சாறு வடிப்பர். நம்மவர் கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்வது போல, அச்சாற்றை விறகடுப்பிற் காய்ச்சிப் பாகும் சீனியும் எடுப்பர். ஒரு கலன் பாகுக்கு ஏறக்குறைய 40 கலன் சாறு வேண்டும். கடுமையான உழைப்பு, ஆனால் ஆண்டிற் சில வாரங்களோடு முடிந்துவிடும். அவ்வாண்டுச் செலவுக்குத் தேவையான பணம் கிடைத்ததும் பொருளீட்டும் வேலையை அவர்கள் நிறுத்திக்கொள்வர். மேலும் ஈட்டலாமே என்ற எண்ணத்துக்கு இடங்கொடுத்தாரல்லர்.

நியரிங் மலைக்கு ஏறியதன் கருத்து இங்கேதான் விளங்குகின்றது. அவர் உலகைத் துறந்து சென்றவரல்லர். நாளில் நான்கு மணி நேரம் உணவுக்கான உழைப்பு. நான்கு மணி நேரம் எழுத்தும் படிப்பும் இசையும். நான்கு மணி நேரம் மக்களோடு கூடிப் பழகுதல் என்று வகுத்துக்கொண்டார். குளிர்காலங்களிற் பயணஞ் செய்து சொற்பொழிவாற்றினார். எவராலும் வேலையினின்றும் நீக்க இயலாத ஆசிரியராக வாழ்வதே அவர் நாடியது. 1945இல் அவருடைய 62ஆவது பிறந்தநாளன்று ஹிரோஷிமாவில் அணுக்குண்டு வீழ்ந்தது. அவ்வரசு இனித் தமது அரசன்று என்று ஜனாதிபதி ட்ரூமனுக்கு உடனே எழுதினார். அக்கடிதத்துக்காக எந்த நிருவாகியிடமும் அவர் விளக்கம் கூறவேண்டியிருக்கவில்லை.

எனினும் அவர் வாழ்விற் குறையே இல்லை என்று சொல்வது முறையன்று. மரபுரிமையாக வந்த பணமும் அவர்களுக்குத் துணைநின்றது; தோட்டம் ஒன்றே அவர்களைத் தாங்கிற்று என்பது முழு உண்மையாகாது. பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் அம்மலைவீட்டில் இருக்கவில்லை. அயலவரை ஒன்றுசேர்த்துக் கூட்டுறவு வாழ்க்கை அமைக்க அவர்கள் செய்த முயற்சி கைகூடவில்லை. அத்தோல்வியை அவர்களே தம் நூலில் ஒப்புக்கொண்டனர். சமுதாயத்தை மாற்ற நினைத்தவருக்கு ஒரு பள்ளத்தாக்கை மாற்றுவதே அரிதாயிற்று!

மலைச்சாரலிலே பனிச்சறுக்கு விளையாட்டும் உல்லாசப் பயணமும் தலைதூக்கின. 1952இல் இருவரும் அவ்விடம் விட்டுப் பெயர்ந்தனர். அதற்கு முன்னரே, மலிவு விலையில் வாங்கி வைத்திருந்த 700 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை வின்ஹால் ஊருக்கு இலவசமாக எழுதிக் கொடுத்திருந்தனர். அக்காட்டு மரத்தின் விலை இடைக்காலத்திற் பன்மடங்கு ஏறியிருந்தது. தாம் உழைக்காமல் வந்த உயர்வு தமக்குரியதன்று என்பது அப்பொருளியல் ஆசிரியரின் கொள்கை. வகுப்பறையிற் கற்பித்ததை அவர் தம் நிலத்திலும் கைவிடவில்லை.

அப்பால் மெயின் மாநிலத்துக் கடற்கரையில், அறுபத்தெட்டாம் வயதிலே, கல்லும் எருவும் சுமந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். வெர்மொண்ட் அனுபவத்தை இருவரும் எழுதி 1954இல் வெளியிட்ட நூலை அக்காலத்திற் சிலரே படித்தனர். 1970இல் மறுபதிப்பு வந்ததும் இளைஞர் ஆயிரக்கணக்கில் அப்பண்ணையைத் தேடி வரலாயினர். வந்தவர்களுக்கு அவர் வேலை கொடுத்தார்; வேலையின் இடையே பாடமும் சொன்னார்.

1973ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் அவருக்குத் தகைசார் ஓய்வுநிலைப் பேராசிரியர் என்னும் பட்டத்தை அளித்தது. விலக்கிய கை வணங்குவதற்கு 58 ஆண்டுகள் சென்றன.

நூறு வயது நிறையும் தறுவாயிலே, இனி உடல் உழைக்காது என்பதை உணர்ந்து, திட உணவைத் தாமாகவே நிறுத்திக்கொண்டார். 1983ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆந் திகதி, ஹெலன் அருகிருக்க, அமைதியாக அவர் உயிர் பிரிந்தது. தாம் கட்டிய வீட்டிலே, தாம் நட்டு வளர்த்த தோட்டத்தின் அருகிலே அவர் கண்மூடினார்.