50 வயதில் மாணவர் ஆன மேதை

உலகின் முதல் அணு உலையை இயங்கச் செய்த விஞ்ஞானி என்ரிக்கோ பெர்மி. அவர் 1901-ம் ஆண்டு இத்தாலியில் ரோம் நகரில் பிறந்தார். தந்தை ரெயில்வே இலாகா அதிகாரி. பெர்மி பைசா நகரில் படித்துப் பட்டம் பெற்றார்.

1938-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது இத்தாலியில் யூதர்களுக்கு எதிராகச் சட்டங்கள் வந்திருந்தன. பெர்மியின் மனைவி லாரா யூதர். பரிசு வாங்க சுவீடன் போன பெர்மி, ஊர் திரும்பவில்லை. மனைவி, இரு குழந்தைகளுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். 1942-ல் சிகாகோவில் அணு உலை இயங்கியது.

இவ்வளவு புகழ் பெற்றவர், 50 வயதில் மறுபடியும் பாடம் படிக்க உட்கார்ந்தார்!

எந்திரப் பாடம்

1952-ல் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் மானியாக் என்ற கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. பழைய ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகள் நிறைந்த பெரிய எந்திரம் அது. கோடைகாலத்தில் பெர்மி அங்கே போனார். அணுத்துகள்கள் மோதிச் சிதறும் சோதனையைச் சிகாகோவில் அவர் நடத்தியிருந்தார். அதில் கையால் போட்டு மாளாத கணக்குகள் இருந்தன. எந்திரத்துக்குக் கட்டளை எழுதும் வேலையை இளைஞர்களிடம் விட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெர்மியோ அதைத் தாமே கற்று, தாமே எழுதினார்.

மறு ஆண்டு ஒரு புதுமையான சோதனை. பாஸ்தா, உலாம் என்ற இரு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து பெர்மி அதைத் திட்டமிட்டார். மேரி சிங்கூ என்ற இளம்பெண் அதை எந்திரத்துக்கான கட்டளைகளாக எழுதினார்.

64 மணிகளைச் சுருள்கம்பிகளால் கோத்த ஒரு சரம். உண்மையில் மணியும் கிடையாது, கம்பியும் கிடையாது. எல்லாம் எந்திரத்துக்குள் எண்கள்தான்! சரத்தை ஒரே வளைவாக இழுத்து விட்டால் என்ன ஆகும்? அசைவு சிறுகச் சிறுகப் பல வளைவுகளுக்கும் பரவி, பாலில் சர்க்கரை போலக் கலந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள்.

முதலில் பரவத்தான் செய்தது. பிறகு, கரைந்த சர்க்கரை மறுபடியும் கட்டியாகத் திரண்டது போல, சரம் ஏறக்குறையப் பழைய வளைவுக்கே திரும்பியது! பெர்மிக்கே வியப்பு.

1954 ஆகஸ்டில், பைசா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சிக் கருவிக்காகச் சேர்த்த பணம் செலவாகாமல் இருந்தது. கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்யும்படி பெர்மி யோசனை கூறிக் கடிதம் எழுதினார். மாணவர்கள் அதில் பழகலாம் என்பதையும் சுட்டிக்காட்டினார்.

அந்த ஆண்டு நவம்பர் 28-ந் தேதி வயிற்றுப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 53. சரம் பற்றிய அறிக்கை 1955-ல்தான் வந்தது. அதில் மேரிக்கு ஓர் அடிக்குறிப்பில் நன்றி சொன்னதோடு சரி. அவர் செய்த வேலைக்கு அது போதாது.

பைசாவில் உருவான கம்ப்யூட்டரை 1961-ல் இத்தாலி ஜனாதிபதி திறந்துவைத்தார்.