இடுப்புக்கு ஆணி தந்த டாக்டர்

நார்வேயில் 1886-ல் பிறந்த மாரியஸ் ஸ்மித்-பீட்டர்சன், 16 வயதில் ஊரை விட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். டாக்டருக்குப் படித்து பாஸ்டன் நகரில் எலும்பு வைத்தியரானார். அந்நாளில் தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் மாதக்கணக்கில் மாவுக்கட்டுதான். படுத்த படுக்கையிலேயே பல முதியவர்கள் மாண்டனர். 1925-ல் அவர் மூன்று இறக்கையுள்ள எஃகு ஆணியைச் செலுத்தி முறிவைப் பிணைத்தார்.

ஆனால் சிலருக்கு ஆணி நழுவியது, சிலருக்கு அரித்தது. எலும்பு இறுகப் பற்றிய ஆணியைக் கழற்றுவது, அடிப்பதைவிடக் கடினம். பிசகினால் எலும்பு மறுபடி முறியும். எனவே அரிக்காத கோபால்ட் கலப்பு உலோகத்தை நாடினார். 1938-ல் அதில் இடுப்பு மூட்டுக்குக் கிண்ணமும் செய்தார். 1953-ல் காலமானார்.

உடம்பில் கம்பியுடன் வேலைக்குப் போகும் நம்மவர்கள் ஆபரேஷன் சீட்டையும் எக்ஸ்ரேயையும் பத்திரப்படுத்த வேண்டும். ஊர் மாறிய பின் கழற்ற நேர்ந்தால், எந்த ஆணி என்று அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டுமே!