இசைவாணர் சாம் குக்

உயர்ந்தோர் அவையில் அடங்கி நின்று பாடும் பாட்டு ஒன்று. தம் மக்கள் நடுவண் தம்மை மறந்து பாடும் பாட்டு மற்றொன்று. ஒரே மிடற்றினின்று எழும் இவ்விரண்டனுள் ஒருவர்தம் மெய்க்குரல் யாது? அமெரிக்க நாட்டுச் சோல் இசையின் முன்னோடியருள் ஒருவராகிய சாம் குக் என்பார் 1963ஆம் ஆண்டில் மயாமி நகரிற் பாடிய கச்சேரியின் இசைத்தட்டைக் கேட்ட யாம் இவ்வினாவை எழுப்பிக்கொண்டோம். விடை காண விழைந்து, அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சாம் குக் 1931ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேல் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சார்லஸ் குக் ஒரு திருச்சபைப் போதகர். தென்மாநிலங்களிற் கறுப்பின மக்கள் பள்ளியிலும் ஊர்தியிலும் உணவுச்சாலையிலும் வேறாக ஒதுக்கப்பெற்ற காலம் அது. 1933ஆம் ஆண்டில் அக்குடும்பம் சிக்காகோ நகரிற் குடியேறிற்று. ஆங்குச் சிறுவர் சாம் உடன்பிறந்தாரோடு கூடி ஆலயங்களிற் பாடி வந்தார். அச்சபைகளிற் பாடகர் ஓரடி பாடி நிறுத்த, சபையார் அனைவரும் மறுமொழி முழங்குவர், கைத்தாளம் எழும், கண்ணீர் பெருகும். பாடுவோர், கேட்போர் என்னும் வேற்றுமை ஆங்கு இல்லை. இதுவே அவர் பெற்ற முதல் இசைக்கல்வி. 1950ஆம் ஆண்டின் இறுதியில், 19 வயதினராய் இருந்தபொழுதே, சோல் ஸ்டிரர்ஸ் என்னும் புகழ்பெற்ற பக்திப்பாடற் குழுவில், ஆர். எச். ஹாரிஸ் என்னும் பெரும்பாடகர் விட்டுச்சென்ற இடத்தை ஏற்றார். எம்மையொத்த இளைஞர் ஒருவர்க்கு அஃது எத்துணைப் பெரும் பொறுப்பு!

பக்திப் பாடலை விட்டு உலகியற் பாடலுக்குச் செல்லுதல் அந்நாளில் எளிய செயலன்று. சபையாருட் பலர் அதனை வழிதவறுதலாகவே கருதினர். ஆதலின் அவர்தம் முதல் உலகியற் பாட்டு டேல் குக் என்னும் மாற்றுப் பெயரில் வெளிவந்தது. பெயரை மறைக்கலாம்; குரலை மறைத்தல் ஒண்ணுமோ? கேட்டார் எளிதிற் கண்டுகொண்டனர். 1957ஆம் ஆண்டில் 'யூ செண்ட் மீ' என்னும் காதற்பாட்டைத் தம் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். அது நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒருங்கே அதனை விரும்பி வாங்கினர்.

புகழ் வந்தது, புகழோடு ஒரு நெருக்கடியும் வந்தது. செல்வர் கூடும் வெள்ளையர் விடுதிகளில் அவர் மென்குரலில், இன்முகத்தோடு, பழைய மெட்டுகளைப் பாடுதல் வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 1958ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கோப்பகபானா விடுதியில் அவ்வாறு பாட முயன்று தோல்வியுற்றார். ஆயினும் அவர் சோர்ந்திலர். 1960ஆம் ஆண்டில் ஆர்.சி.ஏ. விக்டர் என்னும் பெருநிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டார். ஜே. டபிள்யூ. அலெக்சாண்டர் என்னும் நண்பருடன் கூடி எஸ்.ஏ.ஆர். என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தி, ஏனைக் கறுப்பினப் பாடகர்க்கும் வழி திறந்தார். 1961ஆம் ஆண்டில் மெம்பிஸ் நகரில் அவையோரை நிறத்தாற் பிரித்து அமர்த்திய அரங்கிற் பாட மறுத்தார்.

இனி, நம் இசைத்தட்டிற்கு வருவாம். 1963ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் இரவு, மயாமியிற் கறுப்பின மக்கள் வாழும் ஓவர்டவுன் பகுதியில், ஹார்லம் ஸ்குவேர் கிளப் என்னும் விடுதியில் அக்கச்சேரி நிகழ்ந்தது. கிங் கர்ட்டிஸ் என்பார் சாக்ஸபோன் வாசித்தார். தட்டு நாற்பது நிமிடத்திற்கு உட்பட்டதே. குரல் கரகரக்கின்றது, தாளம் விரைகின்றது, சிற்சில இடங்களிற் பாட்டின் சொற்களும் கூட்டத்தின் ஆரவாரத்தில் மறைகின்றன. நுண்ணிய இசைத்திறம் ஒன்றையே நாடுவோர்க்கு இவை குறைகளாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு பழைய காதற்பாட்டின் நடுவே அவையோரையும் உடன்பாட அழைக்கின்றார், அவர்கள் பாடுகின்றனர். 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ' என்னும் பாட்டில் அவர் ஓரடி கூற, கூட்டம் மறுமொழி முழங்குகின்றது. கேட்குந்தோறும் சிக்காகோவின் சபை எம் நினைவிற்கு வந்தது. பொருள் வேறு; முறை ஒன்றே. தந்தையாரின் ஆலயத்தை அவர் விட்டு நீங்கினார் என்பார், இத்தட்டை ஒருமுறை கேட்பாராக.

இதனை வெளியிட வேண்டிய நிறுவனத்தார் யாது செய்தனர்? இக்குரல் மிகக் கரடுமுரடானது, அவர்தம் மென்மைப் புகழைக் கெடுக்கும் எனக் கருதிக் கிடங்கில் வைத்துவிட்டனர். 1964ஆம் ஆண்டு அவர் மீண்டும் கோப்பகபானாவிற் பாடி வெற்றி கண்டார். அக்கச்சேரி மட்டும் அவ்வாண்டே தட்டாக வெளிவந்தது. அதுவும் திறமையான பாட்டே. எனினும் அதில் ஓர் அளவு தெரிகின்றது. மயாமியில் அளவு இல்லை.

1963ஆம் ஆண்டு அவர்க்குத் துயர் மிக்கது. கோடையில் இளமகன் நீரில் மூழ்கி இறந்தான். அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில், நிறம் பற்றி விடுதியில் இடம் மறுக்கப்பெற்று, எதிர்த்து நின்றமையாற் சிறைப்பிடிக்கப்பட்டார். 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' என்னும் பாட்டு அத்துன்பங்களை ஒட்டிப் பிறந்தது. பின்னர் அஃது உரிமைப் போராட்டத்தின் கீதமாயிற்று. அப்பெருமையை அவர் முழுதுங் கண்டிலர். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து விடுதியொன்றில் சுடப்பட்டு இறந்தார். வயது 33. விடுதிக் காரியஸ்தர் தற்காப்பிற்காகச் சுட்டதாக விசாரணை முடிவு செய்தது. உற்றார் பலர் அதனை ஒப்பவில்லை. அவர் வாழ்க்கையிற் குற்றமே இல்லையென்று யாம் கூறோம். மாந்தருட் குற்றமற்றார் யார்?

1985ஆம் ஆண்டில், பதிவாகி இருபத்திரண்டு ஆண்டு கழிந்தபின், மயாமித் தட்டு வெளிவந்தது. இன்று அது சிறந்த கச்சேரிப் பதிவுகளுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. கிடங்கில் வைத்தோர் அஞ்சியது நிகழவில்லை. அவர் புகழ் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. கோப்பகபானாக் குரலும் அவருடையதே என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் அது அவர் பிறர்பொருட்டுக் கற்றது. மயாமிக் குரலோ, இளமையிற் சபை நடுவிற் பெற்றது. மேன்மக்கள் விரும்புவர் என்று நம் குரலைச் செப்பனிட்டுக்கொள்ளும் பருவத்தில் நிற்கும் மாணவராகிய நாம், இவ்வேற்றுமையை மறவாதிருத்தல் நலம்.