கடலடிக் குழாயும் வயலின் தந்தியும்: சி.வி. ராமனின் இன்னொரு பக்கம்

திருச்சி கே.கே. நகரில் இருந்து கிளம்பி, காவிரிப் பாலத்தைத் தாண்டினால் திருவானைக்காவல். 1888 நவம்பர் 7 அன்று சி.வி. ராமன் பிறந்த ஊர். நோபல் பரிசு, ராமன் விளைவு, தேசிய அறிவியல் தினம்... பலருக்குத் தெரிந்தது அவ்ளோதான். ஆனால், அதற்கு முன் பல ஆண்டுகள் அவரைத் தூங்கவிடாதது வயலின் தந்தி. இன்று ஆழ்கடலில் எண்ணெய் எடுக்கும் பொறியாளர்களும் கிட்டத்தட்ட அதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

பகலில் ஆபீஸ், இரவில் ஆய்வு

அப்பா சந்திரசேகர ஐயர் ஆசிரியர், வயலின் வாசிப்பவர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1907-ல் எம்.ஏ. முடித்த ராமன், நிதித் துறைத் தேர்வு எழுதி கல்கத்தாவில் அரசு அதிகாரி ஆனார். அப்போது வயது 18. கைநிறையச் சம்பளம், செட்டிலான வாழ்க்கை.

ஆனால் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அவரை இழுத்தது. ஆபீஸுக்கு முன் காலையில் கொஞ்ச நேரம், ஆபீஸ் முடிந்ததும் இரவு வரை. இப்படியே சுமார் 10 ஆண்டுகள் ஓடின.

தந்தி எப்படி அதிர்கிறது?

வில் ஒரே திசையில், ஒரே சீராகத்தான் நகர்கிறது. அப்படியிருக்க தந்தி ஏன் முன்னும் பின்னும் அதிர வேண்டும்? தந்தி வில்லோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போகும், சட்டென வழுக்கித் திரும்பும், மறுபடி ஒட்டும். இந்த அசைவு எத்தனை வகைப்படும் என்று கணக்கிட்டு 1918-ல் ராமன் விரிவான ஆய்வை வெளியிட்டார். கையால் வாசித்தால் அழுத்தமும் வேகமும் மாறும் என்பதால், வயலினை வாசிக்க ஒரு இயந்திரத்தையே உருவாக்கினார். மிருதங்கம், தபலாவையும் விட்டுவைக்கவில்லை.

இதற்கிடையே 1917-ல் பெரிய முடிவு. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தது. சம்பளம் கணிசமாகக் குறையும். இருந்தும் அரசு வேலையை விட்டார்.

எண்ணெய்க் குழாய்க்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கடலடிக் கிணற்றையும் மேலே மிதக்கும் கப்பலையும் இணைக்கும் நீண்ட குழாய்க்கு ரைசர் என்று பெயர். ஆழ்கடலில் இது ஆயிரம் மீட்டரைத் தாண்டும். அவ்வளவு நீளத்தில் இரும்புக் குழாய்கூடத் தந்தி மாதிரிதான் நடந்துகொள்ளும். மேலிருந்து இழுத்துப் பிடிக்காவிட்டால், தன் எடையாலேயே வளைந்துவிடும்.

நீரோட்டம் சீராகத்தான் ஓடும். ஆனால் குழாயைத் தாண்டும்போது இடம், வலம் என மாறி மாறிச் சுழல்கள் கிளம்பும். அந்தச் சுழல்களின் தாளமும் குழாயின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போனால், குழாய் ஆடத் தொடங்கும். நிற்காத ஆட்டத்தில் உலோகம் களைத்து விரிசல் விடும். அதனால்தான் குழாயின் மேல் திருகு வடிவில் பட்டைகள் பொருத்துகிறார்கள். சுழல்கள் ஒரே தாளத்தில் சேராமல் அவை கலைத்துவிடும்.

ராமன் எண்ணெய்க் கிணறுகளை ஆராய்ந்தவர் இல்லை. வயலினில் உராய்வு, கடலில் சுழல், காரணங்கள் வேறு. ஆனால் சீரான உந்துதல் எப்படி அதிர்வாகிறது என்ற கேள்வி ஒன்றுதான்.

கடல் காட்டிய வழி

1921-ல் ஐரோப்பா போய்த் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் ராமனின் கண்ணில் பட்டது. அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமல்ல, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது என்று காட்டினார். அந்தத் தேடல் 1928 பிப்ரவரி 28-ல், கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து செய்த ஆய்வில், ராமன் விளைவாக முடிந்தது. 1930-ல் நோபல்.

சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறித் திரும்பும் என்பதே அந்த விளைவு. இன்று எண்ணெய்க் கிணறுகளுக்குள் கண்ணாடி இழையை இறக்கி லேசர் துடிப்பை அனுப்புகிறார்கள். நிறம் மாறித் திரும்பும் ஒளியை வைத்து, எந்த ஆழத்தில் எவ்வளவு வெப்பம் என்று சொல்லிவிடலாம். எங்கே கசிவு, எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்க இது உதவுகிறது.

1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் ராமன் காலமானார். மும்பைக்கு அப்பால் கடலில் இந்தியா எண்ணெய் கண்டது அதற்கு 3 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1974-ல். சம்பளத்தை விட்டு அவர் தேடிப்போன பதில்களில் ஒன்று, அவர் பார்க்காத கிணறுகளுக்குள் இன்று வேலை செய்துகொண்டிருக்கிறது.