கை கற்ற தொழிலுக்குச் சான்று எங்கே? ஜி.டி. நாயுடுவின் வாழ்வும் நம் பிள்ளைகளும்

அச்சன்புதூரிலும் பக்கத்து வடகரை, கடையநல்லூர் பகுதிகளிலும் கைத்தொழில் தெரிந்த வாலிபர்களுக்குப் பஞ்சமில்லை. எலெக்ட்ரீசியன், பிளம்பர், வெல்டர், ஏ.சி. மெக்கானிக் என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு மேஸ்திரியிடமோ ஒர்க் ஷாப்பிலோ சேர்ந்து, திட்டு வாங்கி, கையைச் சுட்டுக்கொண்டு வேலை கற்றவர்கள்தான் பெரும்பாலோர்.

வளைகுடாவுக்கு விசா வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சான்றிதழ் கேட்பார்கள். இருக்காது. பத்து வருடம் வேலை பார்த்தவர் ஹெல்பர் விசாவில் விமானம் ஏறுவார். அங்கே போய் டெக்னீஷியன் வேலையைச் செய்வார், ஹெல்பர் சம்பளத்தை வாங்குவார். மாதாமாதம் விழும் இந்த வித்தியாசத்தை எந்தக் குடும்பமும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டினால் ஒரு வீடு கட்டும் தொகை வரும்.

இந்தக் குறையை நினைக்கும்போதெல்லாம் கோயம்புத்தூரில் வாழ்ந்த ஒரு மனிதர் நம் நினைவுக்கு வருகிறார். அவர் ஜி.டி. நாயுடு. அவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். நல்ல பாடம் எவர் வாழ்வில் இருந்தாலும் அதை எடுத்துக்கொள்வது நம் முன்னோர் காட்டிய வழி.

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் துரைசாமி நாயுடு. சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு ஏட்டுப் படிப்பு நின்றது. ஊரார் பார்வையில் உருப்படாத பிள்ளை.

வாலிப வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுகிறதே என்ற வியப்பு அவரை விடவில்லை. அதை வாங்கியே தீருவது என்று கோவையில் ஓர் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். எச்சில் இலை எடுக்கும் இடத்தில் நின்று காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஏறிச் சுற்றித் திரியவில்லை. வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றினார், ஒவ்வோர் உறுப்பும் எதற்கு என்று பார்த்தார், மறுபடி பூட்டினார். அப்படிக் கழற்றிப் பூட்டியதுதான் அவருடைய தொழிற்கல்வி. அதற்கு ஆசிரியரும் இல்லை, தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை.

பிறகு பருத்தித் தொழிலில் இறங்கிப் பணம் சம்பாதித்தார். அதைப் பம்பாய் வரை கொண்டுபோய்ப் பெரும்பகுதியை இழந்தும் திரும்பினார். அந்த நிலையில் அவருக்குக் கை கொடுத்தவர் கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரை. ஸ்டேன்ஸ் அவரிடம் எந்தப் பட்டத்தையும் கேட்கவில்லை. ஆளைப் பார்த்தார், திறமையைப் பார்த்தார், பஸ் வாங்க உதவினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் ஓடத் தொடங்கியது. முதலாளியும் நாயுடுதான், டிரைவரும் நாயுடுதான். அந்த ஒரு பஸ் சில வருடங்களில் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. நேரம் தவறாமல் ஓடும் பஸ் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது.

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் தயாரித்தார். இன்று கோவை என்றாலே மோட்டாரும் பம்பு செட்டும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? அந்தப் பெயருக்கு அடித்தளம் போட்டவர்களில் இவரும் ஒருவர். பேட்டரியில் இயங்கும் சவர எந்திரம், குறைந்த விலை ரேடியோ, இரண்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் செல்லும் கார் என்று அவர் கை வைக்காத துறை குறைவு. கார் திட்டத்துக்கு அரசு அனுமதி கிடைக்கவில்லை. அது பாதியில் நின்றது.

நமக்கு வேண்டிய பாடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. தன் கையால் வளர்ந்த மனிதர், மற்றவர்களுக்கும் அந்த வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் உருவானது. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. 1945-ல் அதன் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர், ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத நாயுடு!

அந்த நாற்காலியில் அவர் நீடிக்கவில்லை. பொறியியல் கல்விக்கு நான்கு வருடம் என்பது காலவிரயம், இரண்டு வருடமே போதும் என்று வாதிட்டார். பல தொழில்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்தலாம் என்று திட்டம் கொடுத்தார். வெள்ளை அரசாங்கம் ஏற்கவில்லை. தன் பணமும் உழைப்பும் போட்ட இடத்தை விட்டு அவர் விலகினார்.

அவர் சொன்ன கணக்கு முழுக்கச் சரி என்று நாம் வாதாட வரவில்லை. பாலமும் அணையும் கட்டுகிறவருக்குக் கணிதமும் இயற்பியலும் ஆழமாக வேண்டும், அதற்குக் காலமும் பிடிக்கும். ஆனால் அவருடைய வாதத்துக்குள் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. ஒருவர் எத்தனை வருடம் வகுப்பில் இருந்தார் என்று பார்ப்பதா, அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று பார்ப்பதா?

மதரஸாவில் ஓதிய நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. குர்ஆனை மனனம் செய்த ஒரு பிள்ளையிடம் எத்தனை வருடம் ஓதினாய் என்று கேட்டு நாம் ஹாஃபிழ் பட்டம் கொடுப்பதில்லை. எதிரே உட்கார வைத்து ஓதச் சொல்கிறோம். இரண்டு வருடத்தில் முடித்தவரும் ஹாஃபிழ்தான், ஐந்து வருடத்தில் முடித்தவரும் ஹாஃபிழ்தான். உஸ்தாத் கேட்டுத் திருப்தியடைந்து இஜாஸத் கொடுக்கும் முறையும் இதுதான். இரும்பைப் பதப்படுத்திக் கவசம் செய்யும் கலை தாவூத் நபி (அலை) அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டதை ஓதி வந்த சமுதாயம் நாம். ஓதுவதைச் சோதிக்க இவ்வளவு நல்ல முறை வைத்திருக்கும் நாம், தொழில் விஷயத்தில் மட்டும் சான்று இல்லாமலே பிள்ளைகளை வழியனுப்புகிறோம்.

நாயுடு அன்று கேட்ட கேள்விக்கு நம் நாட்டில் இப்போது ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. 2013 டிசம்பரில் மத்திய அரசு தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை அறிவித்தது. ஒருவருக்கு என்ன தெரியும், என்ன செய்ய முடியும் என்பதை வைத்து அவரை உரிய நிலையில் சேர்ப்பது அதன் அடிப்படை. அந்தத் திறமை கல்லூரியில் வந்ததா, மேஸ்திரியிடம் வந்ததா என்பது அங்கே தடையில்லை. 2015-ல் வந்த பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே கற்ற தொழிலை அங்கீகரிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. வேலை தெரிந்தவருக்குச் சிறிய அறிமுகப் பயிற்சி, பிறகு செய்முறைச் சோதனை, தேறினால் சான்றிதழ்.

இன்னொரு வழியும் உண்டு. ஐ.டி.ஐ.யில் சேர்ந்து படிக்காதவர்களும், உரிய கல்வித் தகுதியும் தொழில் அனுபவமும் இருந்தால், அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தமிழக அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கு விண்ணப்பம் கோரி அறிவிப்பு வெளியிடும். செய்தித்தாளின் உள்பக்கத்தில் சின்னதாக வரும் அந்த அறிவிப்பை நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்? அரசு ஐ.டி.ஐ.க்கு நேரில் போய் விசாரித்தால், எந்தத் தொழிலுக்கு என்ன தகுதி, எந்தக் காகிதம் வேண்டும் என்று சொல்வார்கள்.

இதில் இனி அலட்சியம் செய்ய முடியாது. சவூதி அரேபியா பல தொழில்களுக்கு, ஆள் புறப்படும் முன்பே இங்கேயே திறன் சோதனை நடத்தித் தேறியவரை மட்டும் அழைக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. வேலை தெரிந்த பிள்ளைக்கு இது பயம் அல்ல, வாய்ப்பு. ஆனால் தனக்குத் தெரிந்ததைச் சோதனையில் செய்துகாட்டவும், கருவிகளின் பெயர், பாதுகாப்பு விதிகள் போன்றவற்றைச் சொல்லவும் தயாராக இருக்க வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே சம்பளம் கூடிவிடும் என்று நாம் ஆசை காட்டவில்லை. சில முதலாளிகள் அதை மதிப்பார்கள், சிலர் மதிக்க மாட்டார்கள். ஆனால் அது இல்லாதவருக்குப் பேசவே இடம் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். நாயுடுவே படிக்கவில்லை, நான் ஏன் படிக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் கேட்கக் கூடாது. அவர் விட்டது பள்ளிக்கூடத்தைத்தான், படிப்பை அல்ல. வாழ்நாள் முழுக்கத் தேடித் தேடி வாசித்தார், வெளிநாடுகளுக்குப் போய்த் தொழிற்சாலைகளைப் பார்த்தார். அவர் காலத்தில் ஒரு ஸ்டேன்ஸ் துரை முகத்தைப் பார்த்து நம்ப முடிந்தது. இன்று விண்ணப்பத்தை முதலில் பார்ப்பது கம்ப்யூட்டர். காகிதம் இல்லாத கையை அதற்குத் தெரியாது.

நம் ஜமாஅத்துகள் நினைத்தால் இதைப் பெரிய செலவில்லாமல் செய்யலாம். மஹல்லாவில் யாருக்கு என்ன தொழில் தெரியும், சான்று இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுவது முதல் வேலை. பட்டம் படித்த பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கட்டும். வளைகுடாவில் இருபது வருடம் வேலை பார்த்துத் திரும்பிய மூத்தவர்கள் வாரம் ஒரு மாலை வாலிபர்களைச் சோதனைக்குத் தயார் செய்யட்டும். ஜும்ஆவுக்குப் பின் தேர்வு அறிவிப்பை வாசித்துச் சொன்னால் ஒரு நிமிடம்தான் ஆகும். வீட்டிலிருந்தபடியே தையலும் எம்பிராய்டரியும் செய்யும் நம் சகோதரிகளையும் அந்த நோட்டில் விட்டுவிடக் கூடாது. அவர்கள் கையில் இருப்பதும் தொழில்தான், அதற்கும் சான்று உண்டு.

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். அவர் பெயரால் இயங்கும் அறக்கட்டளை கோவையில் இன்றும் தொழிற்பயிற்சி நிலையம் நடத்துகிறது. கல்லூரி முதல்வர் பதவியை விட்டு அவர் எழுந்துபோன நாளில் ஏற்கப்படாத யோசனை, இன்று அரசின் திட்டமாக நம் வாசல் வரை வந்திருக்கிறது. அடுத்த முறை நம் வீட்டுப் பிள்ளை பாஸ்போர்ட்டை எடுத்து வைக்கும்போது, பக்கத்தில் அவன் தொழிலுக்கான சான்றும் இருக்கட்டும். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.