குதிரையேறி வந்த பாட்டி!

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. அதன் மேல் இருக்கிறது வெள்ளிமலை. இன்று பஸ் ஏறினால் அங்கே போய்விடலாம். 75 ஆண்டுகளுக்கு முன்பு அந்த மலைத் தொடரில் காட்டுப் பாதைதான் வழி.

அந்தப் பாதையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி குதிரை மேல் வந்தார். பின்னால் மருந்துப் பெட்டி. வயதோ எழுபது!

அவர்தான் ஈவ்லின் பிராண்ட் அம்மையார்.

செல்வ வீட்டுப் பெண்

ஈவ்லின் 1879-ல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். ஓவியம் கற்றார். கிறிஸ்தவ ஊழியத்துக்காகச் சென்னைக்கு வந்தார்.

1913-ல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்தார். புதுமணத் தம்பதி குடியேறிய இடம் கொல்லிமலை. அங்கே வாழவந்தியில் இருவரும் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள்.

கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை உள்ளிட்ட ஐந்து மலைகளிலும் ஊழியம் செய்ய வேண்டும். இதுவே அவர்களின் கனவு.

பிரிவும் இடியும்

மகன் பால், மகள் கோனி என்று இரண்டு பிள்ளைகள். 1923-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றார்கள். படிப்புக்காகப் பிள்ளைகளை உறவினர் வீட்டில் விட்டார்கள். பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது 9 வயது.

1929 ஜூன் மாதம். மலேரியாவால் வரும் கொடிய கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியைப் பிடித்தது. சில நாளில் உயிர் பிரிந்தது. தந்தி இங்கிலாந்துக்குப் பறந்தது. அதன் பிறகும், அவர் முன்பே எழுதிய கடிதங்கள் கப்பலில் மகனுக்கு வந்துகொண்டிருந்தன!

ஈவ்லினுக்கு வயது 50. கணவரும் இல்லை, பிள்ளைகளும் பக்கத்தில் இல்லை. இங்கிலாந்து சென்றார். முதுகு வளைந்து, தலை நரைத்து வந்த தாயைக் கண்டு மகன் திடுக்கிட்டான்.

இனி அங்கேயே தங்கிவிடுவார் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அவர் மறுபடியும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்.

கெத்செமனே தோட்டத்தில் ஏசுநாதர் தம் துன்பம் நீங்க வேண்டும் என்று வேண்டினார். ஆனால் முடிவைப் பிதாவின் விருப்பத்துக்கே விட்டார். ஈவ்லின் அம்மையார் நடந்ததும் அந்த வழியில்தான். துயரம் வந்தது; ஜெபம் நிற்கவில்லை. ஜெபித்த கை வேலையையும் நிறுத்தவில்லை.

ஓய்வு எங்கே?

எழுபதை நெருங்கியபோது மிஷன் சங்கம் ஓய்வு பெறச் சொன்னது. ஓய்வு பெற்றார். ஆனால் ஊருக்குப் போகவில்லை. சங்கத்தின் உதவியின்றித் தாமாகவே மலையேறினார். கனவில் மிச்சமிருந்த மலைகளுள் ஒன்று கல்வராயன்.

இடுப்பு எலும்பு முறிந்தது. கால்கள் தளர்ந்தன. இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றி நடந்தார். நடக்க முடியாத தூரத்துக்குக் குதிரை. மலைமக்களைப் பாடாய்ப் படுத்திய நரம்புச் சிலந்தி நோயை விரட்டப் பாடுபட்டார். கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைக்கவில்லை!

இதற்குள் மகன் பால் பிராண்ட் டாக்டராகி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி, உலகப் புகழ் பெற்றார்.

1974-ல், 95-வது வயதில், அம்மையார் காலமானார். அவர் விரும்பியபடியே வெறும் பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலையில் கணவரின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

கடவுளிடம் ஒப்படைப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அல்ல. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மலை ஏறுவது!